மூன்று படி உப்பு

2023 பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன் ஆராதனைக்குக் குடும்பமாகப் போய் வந்தோம். பிரசங்கம் நாற்பத்தைந்து நிமிஷம். கோயில் மைக் கரகரக்கிறது என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒயரை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தால் தீர்ந்தது. கேட்க ஆளில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் சொல்லி, எம்.ஏ. படித்த கமிட்டி கேட்குமா? முப்பது வருஷம் ரைஸ் மில் இன்ஜினை ஓட்டியவன் நான். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில்தான் வினை ஆரம்பித்தது. ஈஸ்டர் வரைக்கும் உள்ள லெந்து காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன் நிறுத்துவோம். அதில் மிஞ்சுவதை ஊழியத்துக்குக் கொடுப்போம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். இந்த வருஷம் மருமகள் பியூலாவுக்கு அது போதவில்லை.

"மாமா, காசு குடுக்கது லேசு. இந்தத் தடவ நம்ம கையால செய்வோம். பின்தெருவுல ஒருத்தரு தனியா கெடக்காரு. நாப்பது நாளும் மத்தியானச் சாப்பாடு நாம கொண்டு போவோம்."

யார் என்று கேட்டேன். சொன்னாள். நான் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். ஆமென் சொல்லவில்லை.

பேத்தி ஷைனி யார் எந்த நாள் போவது என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். சனிக்கிழமைக்கு என் பெயர். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 23, வியாழன்

அவர் பெயரை இந்த நோட்டில் நான் எழுதுவதில்லை. பத்தொன்பது வருஷமாக எழுதவில்லை, இனியும் எழுதப்போவதில்லை. ஊரார் முன்னால் என் மேல் பழி போட்ட ஆள். அவருக்கு என் வீட்டு அரிசி.

இருதயம் பலவீனமாம். இரண்டு காலும் நீர் கோத்து வீங்கியிருக்கிறதாம். மகள் பம்பாயில். பெண்சாதி இறந்து பதினாறு வருஷம். அந்த அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்கு மில்லில் பெல்ட் அறுந்திருந்தது.

பியூலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வந்தால் வீடு நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 27, திங்கள்

மகன் ஜெபசிங் கொண்டுபோனான். கொண்டுபோனவன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தான். "நல்லாப் பேசுதாருப்பா" என்றான். பேசுவார். அதுதான் அவருடைய வியாதி.

மார்ச் 4, சனி

என் மனைவி ஞானப்பூவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஜெபசிங் மின்வாரியத்தில் லைன்மேன். எங்கோ டிரான்ஸ்பார்மர் எரிந்து காலையிலேயே போய்விட்டான். பியூலாவுக்குத் தடுப்பூசி முகாம். ஷைனிக்குச் சூடான கேரியரைக் கொடுக்க முடியாது. மூன்று பெண்களும் பேசாமல் என்னைப் பார்த்தார்கள். பேசினால் பதில் சொல்லலாம்.

எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாடு கொண்டுபோனேனே தவிர ஆளைப் பார்க்கப் போகவில்லை. கேரியரை வாசற்படியில் வைத்துக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கடமை முடிந்தது.

மார்ச் 5, ஞாயிறு

அவர் கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக் கதவுக்கு வர கால் மணி நேரம் ஆகுமாம். எனக்கு யாராவது சொன்னார்களா? அதற்குள் பக்கத்து வீட்டு ஆடு கேரியரைத் தட்டிவிட்டு, சோற்றைத் தின்று, ரசத்தையும் குடித்துவிட்டது. ரசம் குடிக்கிற ஆட்டை எங்கே போய்ச் சொல்வது?

பியூலா சத்தம் போடவில்லை. "மாமா, ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சத ஆட்டுக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். கோயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் சொல்கிற சொல்லா இது? ஷைனி சிரித்தாள். ஜெபசிங் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

ஞானப்பூ மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், நேத்து மத்தியானம் பட்டினி" என்றாள்.

மார்ச் 6, திங்கள்

நானே போனேன். ஆட்டுக் கதை என்னோடு முடியட்டும் என்று.

உள்ளே போய்க் கேரியரைப் பிரித்து வைத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் தலையணை மாதிரி. பத்தொன்பது வருஷத்தில் அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன். அவர் மாறமாட்டார்.

"என்னவே வேதமாணிக்கம், இன்னைக்கு ஆடு வரலியா?" என்றார்.

பாத்திரம் காலியாக வேண்டுமே, அதனால் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9, வியாழன்

சுரைக்காய்க் கூட்டு. இருவரும் பேசவில்லை. அவர் வீட்டு மின்விசிறி கடகடவென்று அடிக்கிறது. பேரிங் தேய்ந்துவிட்டது.

மார்ச் 10, வெள்ளி

பேரிங் மாற்றினேன். அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவு. வேறு காரணம் கிடையாது. அட்டையில் இன்றைக்கு ஜெபசிங் பெயர்தான் இருந்தது. அவனுக்குப் பேரிங் மாற்றத் தெரியாது.

மார்ச் 14, செவ்வாய்

இன்றைக்கு அவர் ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உப்பே இல்லையே. எனக்கு உப்புப் போட உம்ம கைக்கு மனசு வரலியோ?"

"டாக்டர் உத்தரவு. உப்பு ஆகாது. என் மருமவதான் சமைக்கா, என்கிட்ட என்ன கேக்கீரு?" என்றேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஆண்டவருக்கும் தமாஷ் தெரியும்வே. உப்புப்பிச்சைக்கு உப்பில்லாச் சோறு" என்றார்.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் ஊர் வைத்தது, நான் வைக்கவில்லை. இந்த நோட்டை எனக்குப் பிறகு ஷைனி படிப்பாள். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் எங்கள் சபையில் அசனம். கோயில் வளாகத்தில் ஆயிரம் பேர் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், வேறொன்றும் கிடையாது. ஆறு அண்டாக் குழம்புக்கு மூன்று படி உப்பு. அதைப் போடுவதற்கென்று ஒருவர் உண்டு. அவர் போடும்போது அடுப்பில் நிற்கிற அத்தனை பேரும் கண்ணை மூடித் தலை குனிந்து ஜெபிக்க வேண்டும். அதன் பிறகு குருவானவர் வந்து பந்தியை ஆசீர்வதிக்கும்வரை ஒரு சொட்டு யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. ஆண்டவருக்குமுன் நாம் ருசி பார்ப்பதா என்று முன்னோர் வைத்த முறை.

2004இல் உப்பு அவர் பொறுப்பு. அடுப்பும் விறகும் என் பொறுப்பு. அன்றைக்குக் குழம்பு கடல் தண்ணீராக இருந்தது. இரட்டை உப்பு. வெளியூர் விருந்தாளிகள் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். யார் உப்புப் போட்டது என்று கமிட்டி கேட்டது. "நான்தான் போட்டேன்" என்று அவரே சொன்னார். அதோடு விட்டாரா? சபைக் கூட்டத்தில் எழுந்து, "எனக்குப் பிறவு இன்னொரு கை பட்டிருக்கு. அந்தக் கைக்காரரு சொல்லட்டும்" என்றார். அப்படிச் சொன்னபோது என் பக்கம் பார்த்தார். முந்நூறு பேர் முன்னால்.

அடுத்த வருஷத்திலிருந்து அடுப்பும் உப்பும் இரண்டும் என் பொறுப்பு.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து அசனத்துக்கான கூட்டம். கொரோனாவில் நின்ற இரண்டு வருஷத்தைத் தள்ளினால் இது உப்பும் சேர்ந்து எனக்குப் பதினேழாவது அடுப்பு. செயலாளர் எப்ராயீம், "அண்ணாச்சி இருக்கும்போது நமக்கு உப்பைப் பத்திக் கவலை கெடையாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பதினாறு தடவையும் இதே சிரிப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது. மைக்கைப் பற்றிச் சொன்னேன். பார்ப்போம் என்றார்கள்.

மார்ச் 23, வியாழன்

அவர் தன் மகள் எஸ்தர் போட்டோவைக் காட்டினார். நான் கேட்கவில்லை. அவராகவே காட்டினார்.

"பக்கத்து ஊருலேயே நல்ல சம்பந்தம் வந்துச்சு வே. மாப்பிள வீட்டுக்காரன் ஒருத்தன், பொண்ணு வீட்டுச் சாப்பாட்டுல உப்பப் பாத்துப் போடச் சொல்லுங்கன்னான். சபையே சிரிச்சுது. பிள்ள அடுக்களைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. வேண்டாம், நம்ம பேரு தெரியாத ஊருல குடுப்போம்னு பம்பாயில குடுத்தேன். இப்ப தலவலின்னாக்கூட வர முடியல."

வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 24, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 25, சனி

2004 அசனத்தன்று காலையில் விறகு விஷயமாக எங்களுக்குள் பேச்சு நின்றிருந்தது. புளிய விறகு பச்சையாக இருக்கிறது என்றார் அவர். விறகு என் பொறுப்பு, உம் உப்பைப் பாரும் என்றேன் நான். பச்சையாகத்தான் இருந்தது. காய்ந்த விறகு எடுக்க வண்டியோடு நானே போனேன். திரும்பி வந்தபோது உப்பு ஜெபம் முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. எல்லாரும் இலை போடப் போய்விட்டார்கள். உப்புச் சாக்கு வாய் கட்டியபடியே இருந்தது. பிரிக்காத சாக்கு என்று யாரும் நினைப்பார்கள். எடுத்ததும் உடனே கட்டிவைக்கிற ஆள் அவர். ஆணியைக்கூடப் பொட்டலம் கட்டி வைப்பார். அது எனக்குத் தெரியும்.

கேட்டிருக்கலாம். வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். இருபதடி தூரம். பேச்சு நின்றிருந்ததே, எப்படிக் கேட்பது?

இதற்கு மேல் எழுதினால் கை வலிக்கிறது.

மார்ச் 29, புதன்

எனக்கு ஒரு நாள் முறை என்று ஆரம்பித்தது, இப்போது ஏழு நாளும் நானே. அட்டையை யாரும் பார்ப்பதில்லை. பியூலா சாமர்த்தியக்காரி.

இன்றைக்கு அவளும் என்னோடு வந்து அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள். அவர் அவளிடம் ஒன்று கேட்டார்.

"ஏம்மா, இந்த வருசம் அசனத்துக்கு என்னையக் கொண்டு போவீங்களா? பந்தியில உக்காந்து பத்தொம்பது வருசம் ஆச்சு. அடுத்த வருசம் இருக்கமோ என்னமோ."

"கூட்டிட்டுப் போவோம் மாமா. உங்களுக்கு மட்டும் உப்பில்லாமத் தனியாக் கேரியர்ல கொண்டு வாரேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஊரு ஒண்ணைத் திங்கும்போது நான் ஓரமா உக்காந்து தூக்குச்சட்டியத் தொறக்கதுக்கா? உப்புப்பிச்சைக்குத் தனிச் சாப்பாடும்பானுவ. அதுக்கு நான் வரல தாயி."

"குழம்பு ஒரு வாய்கூட ஆகாது மாமா. அவ்வளவு உப்பு. மூச்சு முட்டிரும்."

"அப்ப நான் வரல. விடு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிடிவாதக்காரக் கிழவர். பிடிவாதம் ஒரு வீட்டையே எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்து ஊர்வலம் போனோம். திரும்பி வந்து அவள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது ஞானப்பூ சொன்னாள்:

"அந்த வருசம் அசனத்தன்னைக்கு உங்க சட்டைய நான்தான் தொவச்சேன். கைமடிப்புக்குள்ள கல்லுப்பு கெடந்துச்சு."

ஒத்தடத் துணி என் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை.

"ஏன் இத்தன வருசம் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இந்த வீட்டில் பெண்கள் பேச வேண்டிய நேரத்தில் பேசுவதில்லை. முழங்கால் வலிக்கும்போதுதான் எல்லாம் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. உட்கார முடியவில்லை. இடுப்பு.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியுமுன் ஆராதனை முடிந்து நேரே கோயில் வளாகத்துக்குப் போனேன். ஆறு அடுப்புக்கும் கல் வைத்தாயிற்று. விறகு காய்ந்திருக்கிறது, நானே ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன்.

பந்தி பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒவ்வொரு இலையிலும் ஓரத்தில் ஒரு சிட்டிகை தூள் உப்பு வைக்கச் சொன்னேன். இது வழக்கமில்லையே, எதற்கு என்று கேட்டார்கள். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். கடையில் பத்துப் பாக்கெட் வாங்கி ஷைனியிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.

ஜெபசிங்கிடம், "நாளைக்கு அந்த ஆளச் சேர்ல உக்கார வச்சு ஆட்டோவுல கொண்டு வா. முதல் பந்தி" என்றேன்.

"அவரு வரமாட்டேங்காரே. தனிக் கேரியருன்னா..."

"கேரியரு வேண்டாம். ஊரு திங்கதைத்தான் தின்பாருன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

பியூலா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "மாமா, அது அவருக்கு விஷம்."

"எனக்குத் தெரியும். நீ உன் நர்ஸ் வேலையைப் பாரு. அடுப்பு என் வேலை" என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்கு உப்பு ஜெபம். அடுப்பில் நின்ற பதினெட்டுப் பேரும் கண்ணை மூடினார்கள். நான் என் வேலையைச் செய்தேன். பன்னிரண்டுக்குக் குருவானவர் ஆசீர்வதித்தார். முதல் பந்தியில் நடுவில் அந்த ஆள், வெள்ளைச் சட்டை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்காக இலையை ஒரு ஸ்டூல்மேல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஜெபசிங், ஒரு பக்கம் பியூலா. எதிரே ஷைனி.

முதல் வாய் வைத்ததும் பந்தி முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பியூலா ஒரு சொட்டுக் குழம்பைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உடனே அடுப்புப் பக்கம் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கரண்டிக் குழம்பை அவர் சோற்றில் விட்டு, இலை ஓரத்து உப்பைத் தன் விரலால் வழித்து எடுத்துவிட்டாள்.

"உப்பே இல்லையே!" என்று யாரோ கத்தினார்கள். "ஆறு அண்டாவுலயுமா?" "ஆறுலயும்!"

எப்ராயீம் பந்தியின் நடுவில் நின்று, "உப்புப்பிச்சை அண்ணாச்சி பந்திக்கு வந்தாலும் வந்தாரு, இருக்க உப்பும் ஓடிப்போச்சு!" என்றார்.

ஆயிரம் பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியும். 2004இலும் கேட்டிருக்கிறேன். அவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கை இலையிலேயே நின்றுவிட்டது.

குருவானவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்கிறார்கள். அது பொய்.

"இன்னைக்கு உப்புப் போடாதது நான். இவரு அடுப்புப் பக்கமே வரல. 2004ல இவரு போட்ட பிறவு ரெண்டாவது தடவ போட்டதும் நான். கேக்காமப் போட்டேன். தெரிஞ்ச பிறவும் சொல்லல" என்றேன்.

மைக் கரகரத்தது. பின்னால் இருந்தவர்கள் "என்ன சொல்லுதாரு? கேக்கல!" என்று கத்தினார்கள். அதனால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஒயரை மாற்றியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். மூன்று வருஷமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் தடவை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

நான் மைக்கைக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர்தான் பேசினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்வே. உப்பு அளக்க படியில கரி அப்பிக் கெடந்துச்சு. விறகுக்காரன் கை கரி."

"அப்ப ஏன் என் பேரச் சொல்லல?"

"நீரே சொல்லுவீருன்னு இருந்தேன். ஒரு வாரத்துல சொல்லுவீருன்னு நெனச்சேன்." சோற்றை உருட்டினார். "நகரும். வெயில மறைக்கீருன்னு பாத்தா சாப்பாட்டையே மறைக்கீரு."

சாப்பிட்டார். இரண்டு துண்டுக் கறிதான் என்றாள் பியூலா. மூன்று தின்றார். சுற்றிலும் எல்லாரும் இலையோரத்து உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். அவர் மட்டும் எதையும் தொடவில்லை. மற்றபடி ஆயிரம் பேருக்கும் அவருக்கும் ஒரே குழம்பு.

வீட்டுக்கு வந்ததும் ஞானப்பூ கேட்டாள், "நெசமா மறந்துதான் போனீங்களா?"

வயது எழுபத்துநாலு. மறதி வராதா? மறந்துவிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் கமிட்டி கூடிவிட்டது. எப்ராயீம் வந்து சொன்னார்: அடுத்த வருஷத்திலிருந்து அண்ணாச்சி ஓய்வெடுக்கட்டுமாம். ஓய்வு! பதினேழு அடுப்பு எரித்தவனுக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை. உண்மையைச் சொன்னால் இதுதான் கிடைக்கும். எனக்கு இனிமேல் அந்தக் கமிட்டியோடு பேச்சு கிடையாது. ஆனால் மைக் ஒயரை மாற்றுவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் மகளுக்குப் பியூலா போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எஸ்தர் வெகுநேரம் அழுதாளாம். மே மாத லீவில் பிள்ளைகளோடு வருகிறாளாம். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பியூலாவும் சொல்லவில்லை.

லெந்து முடிந்துவிட்டது. ஷைனி சுவரிலிருந்த அட்டையைக் கிழித்துவிட்டாள். பன்னிரண்டரைக்குக் கேரியரை எடுத்தேன்.

"நாப்பது நாளுதான் முடிஞ்சிட்டே?" என்றாள் ஞானப்பூ. கேரியரில் ஏற்கெனவே சோறு வைத்திருந்தாள்.

"ஃபேனுக்கு எண்ணெய் விடணும்" என்றேன்.

தேவபிச்சை கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். முக்காலி அல்ல, நாற்காலி. என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"நெசமாவே மறந்தீரா?"

"மறந்துதான் போச்சு."

"கள்ளப் பய" என்றார்.

புடலங்காய்ப் பொரியல், பருப்பு, ரசம். மிச்சம் வைக்கவில்லை. மின்விசிறியில் இன்னும் லேசாகச் சத்தம் இருக்கிறது. நாளைக்கும் போய்த்தான் பார்க்க வேண்டும்.